ஈயம் கட்டும் இடம்

பிப்ரவரி 5, செவ்வாய்க்கிழமை.

இன்று செய்த தவறு: சக்கரத்தில் ஈயத்தைக் கீழே கட்டிவிட்டேன். மேலே கட்டியிருக்க வேண்டும். வகுப்பில் சொன்னபோது புரிந்ததாகத்தான் நினைத்தேன். புரியவில்லை போலிருக்கிறது. இதுபோல வேறு எதையெல்லாம் புரியாமலே புரிந்ததாக எழுதி வைத்திருக்கிறேனோ தெரியவில்லை.

நாளை: ஈயத்தை இடம் மாற்றுவது.

எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று தெரிந்த பிறகே பூபதி பேனாவை மூடினான். பொன்னேரியில் மாலை நேரத்தில் நடக்கிற இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு வகுப்பில், அன்றன்று செய்த வேலையை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பையன்கள் வகுப்புக்குள் நுழையும்போது வாசலிலேயே நின்று ஒரு வரி கிறுக்கிவிடுவார்கள். பூபதிக்கு அது முடியாது. முதலில் செய்த தவறு, பிறகு செய்த வேலை, கடைசியில் மறுநாள் செய்ய வேண்டியது என்று தனக்கே ஒரு வரிசை வகுத்துக்கொண்டிருந்தான். வேலை நடக்காத நாள்கூட உண்டு, தவறு இல்லாத நாள் மட்டும் இதுவரை வந்ததில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவன் கைக்கு ஈயம் என்றால் கீழேதான். மிதப்பு மேல்கயிற்றில், ஈயம் கீழ்க்கயிற்றில். அப்போதுதான் வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, சோற்றை வாயில் வைக்க யாரும் சொல்லிக் கொடுக்காதது போல. அன்று மத்தியானம் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கியில் ஏற்றிச் சுற்றிவிட்டான். அது சுற்றி, தயங்கி, திரும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடி ஒரு இடத்தில் நின்றது. கனமான பக்கம் அடியில் வந்து நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு நேர் எதிரே, உச்சியில் எடை சேர்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும், கை தன்பாட்டுக்கு அடிப்பக்க ஸ்போக்கில் ஈயத்தை வைத்து நசுக்கிவிட்டது. அடுத்த முறை சுற்றியபோது சக்கரம் நங்கூரம் மாதிரி அடியை நோக்கிப் பாய்ந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி செல்வம்மாள் அவனோடு பேசி ஒரு வாரம் ஆகப்போகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் வேலியில் கட்டியிருந்த கறுப்பு ஆட்டிடம் சொல்வாள்.

"கருப்பி, பாத்தியாடி. படிச்ச புள்ள ராட்டினம் கட்டிக் கீது. குந்திக்கினு சுத்துறியா?"

ஆடு மென்றுகொண்டிருந்தது.

அந்த மோட்டார் சைக்கிள் பூபதியின் அப்பா, நைனா தசரதன், வாங்கியது. நைனா போன பிறகு அது அண்ணன் துளசிங்கத்துக்கும் தம்பி பூபதிக்கும் பொதுவாக நின்றது. காலையில் அண்ணன் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பொன்னேரி போவான், மாலையில் தம்பி அதே வண்டியில் வகுப்புக்குப் போவான். வகுப்பு முடிகிற நேரத்துக்குப் பழவேற்காடு திரும்பப் பஸ் கிடையாது. ஆகவே வண்டி இருக்கிற வரைதான் வகுப்பு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். தம்பி படகில் ஏறாததால் பாட்டுக்கு வெளியாளைக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது என்று அவன் குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏரியில் நல்ல இடங்களில் எல்லோரும் நினைத்தபோது வலை போட முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்னார் இன்ன நாள் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் பாட்டு நாளில் ஆளில்லாமல் நிற்பது, துளசிங்கத்தைப் பொறுத்தவரை, வீதியில் வேட்டி அவிழ்ந்து நிற்பதற்குச் சமம்.

தம்பியின் படிப்பின் மேல் அவனுக்கு இருந்த வெறுப்புக்கு ஒரு நல்ல சாக்கு போன வாரம் கிடைத்தது. திருப்பாலைவனம் தாண்டி நேர் ரோட்டில் அண்ணன் வேகமெடுத்தபோது முன்சக்கரம் தலையை ஆட்டியது. ஹேண்டில் இரண்டு கையையும் உதறியது. அண்ணன் விழவில்லை, ஆனால் பின்னால் கட்டியிருந்த பெட்டி கழன்று கெழுத்தியும் மடவையும் ரோட்டில் பரவின. வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எவனோ ஒருவன், கரையிலேயே வலை வீசலாம் போலிருக்கே என்றானாம். மீன் போனதைவிட அதைத்தான் அண்ணன் வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"மெக்கானிக்குக்குப் படிக்கிறான். ஊட்டு வண்டி சக்கரம் ஆடுது. இதான் படிப்பா?"

"ரிம்மு பெண்டு ண்ணா. எட்த்துடலாம்."

"பொன்னேரில கேட்டன். புது ரிம்மு போட்டாத்தான் சரியாவும்ன்றான். நீ இன்னாத்த எட்ப்ப. வர்ற வெள்ளிக்கெழம பழைய இரும்புக்காரன் வர்றான். தூக்கிப் போடறன். அதோட உன் படிப்பு ஆட்டமும் நிக்கும்."

வெள்ளிக்கிழமைக்குள் சக்கரம் நேராக வேண்டும். இல்லையென்றால் வண்டி இல்லை, வகுப்பு இல்லை, படகுதான். பூபதி அதையும் எழுதி வைத்தான்.

வகுப்பில் சக்கரத்தை நேராக்க ஒரு தாங்கி உண்டு. பச்சை வண்ணம் பூசிய, வழவழவென்ற சாமான். வீட்டுக்குக் கேட்டால் தரமாட்டார்கள், கேட்கவும் அவனுக்கு வாய் வராது. ஒரு மாலை முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துத் தாளில் வரைந்துகொண்டு வந்தான். நிற்பதற்கு இரண்டு கால், ஆக்சில் உட்கார மேலே பள்ளம், பள்ளத்தில் ஆக்சில் உருளப் பக்கத்துக்கு இரண்டு பேரிங், ரிம்மைத் தொட்டுப் பார்க்க ஒரு முள். யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான். யோசித்துப் பார்த்து அவ்வளவுதான் என்று தோன்றும்போதெல்லாம் அவனுக்கு ஒரு பயமும் கூடவே வரும்.

கால்களுக்கு நைனாவின் இரும்புக் கட்டிலை எடுத்தான். கடைசிக் காலத்தில் நைனா படுத்துக் கிடந்த கட்டில். காரியம் முடிந்ததும் வேலியோரம் சாய்த்து வைத்தது, மழையில் துருவேறி அப்படியே கிடந்தது. இரண்டு பக்கச் சட்டங்களையும் அறுத்து, ஊருக்குள் வெல்டிங் வைத்திருக்கும் திருவேங்கடத்திடம் கொடுத்து நிமிர்த்தி ஒட்டி வாங்கினான். பேரிங்குகள் குப்பையில் போட்டிருந்த படகு எஞ்சினிலிருந்து வந்தவை. உப்பில் இறுகிப் போயிருந்தவற்றை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, விரலால் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கிற அளவுக்குக் கொண்டுவந்தான். முள்ளுக்கு, கிழிந்த வலையைப் பின்னுகிற மூங்கில் ஊசி ஒன்றைச் சட்டத்தில் கட்டினான். ரிம்மில் உரசினால் டிக் என்று சொல்லும், கோடு போடாது. தாங்கி ஆடாமல் நிற்க அடியில் கோட்டைச் செங்கல் வைத்தான். அவை தட்டையானவை, கனமானவை. டச்சுக்காரர் கட்டிய ஒல்லாந்தர் கோட்டை இடிந்து போனதிலிருந்து குப்பத்தில் பாதி அடுப்புகள் அந்தச் செங்கல்லில்தான் எரிகின்றன. மட்டம் பார்க்க, நைனாவுக்கு மருந்து ஏற்றிய கண்ணாடி மாதிரியான குழாய் ஒன்று பரணில் கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி இரண்டு காலுக்கும் பிடித்து, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்வரை செங்கல்லுக்கு அடியில் மண்ணைத் தள்ளினான், எடுத்தான், மறுபடி தள்ளினான்.

கட்டிலை அறுத்த அன்றுதான் அண்ணி பேச்சை நிறுத்தினாள். ஹேக்ஸா பிளேடு இரும்பில் கீச்சிடுகிற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவள், கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஆட்டிடம் போனாள்.

"மனுசன் படுத்துக் கெடந்த கட்டில அறுக்கறான் கருப்பி. கீழ வெள்ளக்காரன் சமாதிக் கல்லு வேற. இந்த ஊடு வெளங்குமா, சொல்லு."

"இது சமாதிக் கல்லு இல்ல அண்ணி. கோட்டச் செங்கல்லு."

"சமாதிக் கல்லு இல்லியாம்டி கருப்பி."

செத்தவர் கட்டிலை அறுத்ததற்காகத்தான் கோபம் என்று பூபதி எடுத்துக்கொண்டான். அவனுக்கே உள்ளூர அது உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு வேறு எங்கே இருக்கிறது?

சக்கரத்தை நேராக்குவது அவன் நினைத்ததைவிடப் பொறுமையான வேலையாக இருந்தது. மெதுவாகச் சுற்ற வேண்டும். ஊசி டிக் என்று சொல்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு. அந்தப் பக்கத்து ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கிற நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்க வேண்டும். மறுபடி சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் உரசல் போனால் வேறு இடத்தில் வரும். ஆத்திரப்பட்டு அரைச் சுற்று இறுக்கினால் ரிம் முட்டை மாதிரி மேலும் கீழும் துள்ளும், பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு நாள் போனதே தெரியவில்லை. அண்ணன் வருவான், போவான், தாங்கியைக் கடக்கும்போது காறித் துப்புவான். செங்கல்லின் மேல் துப்பல் விழும், பூபதி துடைத்துவிட்டுச் சுற்றுவான். கடைசியில் ஊசி எந்த இடத்திலும் சத்தம் போடவில்லை. ஊசிதான் நகர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தான். அப்போதும் சத்தம் இல்லை.

மிச்சம் இருந்தது எடை. வாடைக் காற்று ஏரியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. சக்கரம் எடைக்கு நிற்கிறதா, காற்றுக்கு நிற்கிறதா என்று தெரியாமல் தாங்கியைத் திருப்பி வைத்து மறுபடி சுற்றிவிட்டான். அதே பக்கம்தான் அடிக்கு வந்தது. ஆக எடைதான். கடையில் விற்கிற எடைத் துண்டுகளுக்கு எங்கே போவது. வேலியில் ஒரு பழைய வலை மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கங்கே கிழிசல். அதன் கீழ்க்கயிற்றில் விரல் நுனி அளவில் ஈயம், தகட்டைக் கயிற்றில் சுற்றி நசுக்கியது, வரிசையாக இருந்தது.

கேட்காமல் எடுக்கக் கூடாது என்று அவன் நினைத்தது உண்மை. அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வேலில கீறது கிழிஞ்ச வலதான? வேண்டாத வலதான?"

அண்ணி தலையைத் திருப்பினாள். ஆட்டைப் பார்த்தாளா, வலையைப் பார்த்தாளா, ஆமாம் என்றாளா, போடா என்றாளா, எதுவும் அதில் இல்லை. பூபதி கொஞ்சம் காத்திருந்தான். பிறகு அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக இருந்த நான்கு ஈயங்களைக் கத்தியால் நெம்பி எடுத்தான். எடுத்ததைக் கீழே கட்டியதுதான் செவ்வாய்க்கிழமை எழுதிய தவறு.

புதன்கிழமை ஈயத்தை உச்சிப் பக்கத்து ஸ்போக்குகளுக்கு மாற்றினான். மூன்று போதுமா நான்கு வேண்டுமா என்று கழற்றிக் கழற்றிக் கட்டினான். நான்கும் வேண்டியிருந்தன. பொழுது சாயும்போது சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. மேலே விட்டால் மேலே, பக்கத்தில் விட்டால் பக்கத்தில். எந்தப் பக்கமும் அதற்கு அவசரமில்லை. அன்று வகுப்பு நாள், வண்டி இல்லாமல் போகவும் வழியில்லை. ஆனாலும் அவன் வருத்தப்படவில்லை. அந்த நேரத்தில் அண்ணன் வேலியிலிருந்து வலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால் கடந்து போனதை அவன் கண் பார்த்தது. பார்த்ததோடு சரி. கவனம் முழுக்கச் சக்கரத்தில் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவர்கள் திரும்பி வந்தார்கள். முதலில் உள்ளே வந்தவன் ராஜவேலு, பாட்டு நாளில் அண்ணனோடு வலை கட்டுகிற கூட்டாளி. கையில் தொங்கிய கூடையின் அடியைக்கூட இறால் மறைக்கவில்லை.

"இன்னாபா இஞ்சினியரு. ராட்டினம் நல்லா சுத்துதா?"

அண்ணன் பின்னாலேயே வந்தான். ஈர வலையை மணலில் போட்டு உட்கார்ந்து, கீழ்க்கயிற்றை முழம் முழமாகக் கையில் இழுத்துக்கொண்டே போனான். தொலைந்த மோதிரத்தைத் தேடுகிறவன் மாதிரி இழுத்தான். ஒரு இடத்தில் கை நின்றது. அங்கே கயிறு வெறுங்கயிறாக இருந்தது. ஈயம் இருந்த இடங்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன.

"எலி கட்ச்சிருக்குமா துளசிங்கம்?" என்றான் ராஜவேலு. "ஈயத்தத் துண்ற எலி."

அவன் தாங்கியின் பக்கம் நடந்தான். ஒரு விரலால் சக்கரத்தைச் சுண்டினான். அது சுழன்றபோது நான்கு ஈயமும் ஒன்றாகச் சேர்ந்து வெயிலில் மின்னி மின்னிப் போயின. உள்ளங்கையால் நிறுத்தி, குனிந்து பார்த்தான். பார்த்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"இங்க வாபா. இது உன் பல்லுதான?"

துளசிங்கத்துக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. ஈயத் தகட்டைக் கயிற்றில் சுற்றி அவன் பல்லால்தான் கடித்து நசுக்குவான். அவன் கடித்த ஈயத்தில் நடுவே கடிபடாத ஒரு மேடு நிற்கும். குப்பத்தில் யாரும் அதைக் கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவார்கள்.

அண்ணன் எழுந்து வந்தான். பார்த்தான்.

"எட்த்தியா?"

"எட்த்தன் ண்ணா. பழைய வலன்னு நெனச்சன்."

"கிழிஞ்ச எடத்த நேத்து காலைல குந்தி பின்னனன். நீ இங்கதான குந்திக்கினு இருந்த. கண்ணு எங்க கீது உனுக்கு?" அவன் குரல் உயரவேயில்லை. "ஒரு பாடுடா. மறுபடி மொற வர்றதுக்குள்ள வாடையே நின்னு எறா வரத்து போயிடும். நீ எட்த்த எடத்துல கயிறு தூக்கிக்கினு, எறா பூரா அடியில பூந்து போயிட்ச்சி."

"என் காலக் கிச்சுகிச்சு மூட்டிட்டுப் போச்சிபா," என்றான் ராஜவேலு. "வர்றன்னு சொல்லிட்டு."

"யாரக் கேட்டு எட்த்த?" என்றான் அண்ணன்.

அண்ணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் மீன் கழுவிய தண்ணீர்ச் சட்டி. பூபதி அவளைப் பார்த்தான். அவள் ஆட்டைக்கூடப் பார்க்கவில்லை. சட்டியைச் சாய்த்துத் தண்ணீரைத் தாங்கியின் காலடியில், செங்கல்களின் மேல் ஊற்றினாள். செதில்கள் செங்கல்லில் ஒட்டிக்கொண்டன. கேட்டேன் என்று சொன்னால் இந்தக் கோபம் அப்படியே திரும்பி அவள் மேல் விழும். அவள் தலையைத் திருப்பியது பதில்தானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

"யாரையும் கேக்கல."

"மொதல்ல உன் பெண்ட எட்க்கணும்டா," என்று அண்ணன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். ராஜவேலு ஒரு அடி பின்வாங்கினான். அண்ணன் சக்கரத்தின் முன் குந்தி, ஈயங்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து லுங்கி மடிப்பில் முடிந்துகொண்டான். "மாட்டு. வண்டில மாட்டு."

பூபதி சக்கரத்தை மாட்டினான். ஆக்சில் நட்டை இரண்டு தரம் சரிபார்த்தான். அண்ணன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். குப்பத்து ரோடு மணலும் பள்ளமுமாக இருக்கும். சத்தம் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ராஜவேலு பீடி பற்றவைத்தான்.

அண்ணன் வந்து வண்டியை நிறுத்தினான்.

"ஆடல," என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு பூபதியின் நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த சொல் வருவதற்குள் அது வடிந்தும் போனது.

"ஆடலன்னா இரும்புக்காரனுக்கு எதுக்குப் போடணும். ராஜவேலு, நீ வண்டி வண்டின்னு கேட்டுக்கினு இருந்தியே. கெட்டுப் போன பாட்டுக்கு ஈடா எட்த்துக்க."

ராஜவேலு புகையை விட்டான். "நாளிக்கி காலைல பொட்டியக் கட்டிக்கினு பொன்னேரி போறன். ஆடாம போய் வந்தா என்து. ஆட்ச்சின்னா இங்கியே கொண்ணாந்து போட்டுட்டு, என் பாட்டுப் பணத்த வேற மாரி கேப்பன்."

"ஆட்ச்சின்னா அத்த இந்த இஞ்சினியரே வச்சிக்கினு அழட்டும். நான் தொடக்கூட மாட்டன்."

"அண்ணா," என்றான் பூபதி. "ஈயம் இல்லாம வேகத்துல..."

"ஈயம்ன்ற பேச்ச எட்த்த, ஏரில அமுக்கிருவன்."

அவர்கள் போய்விட்டார்கள். பூபதி வண்டியின் பக்கத்தில் அப்படியே நின்றான். வளைவு போய்விட்டது, ஆகவே மணல் ரோட்டில் ஆடாது. எடை சரியில்லை, ஆகவே நேர் ரோட்டில், வேகத்தில் ஆடும். இது அண்ணனுக்குத் தெரியாது, ராஜவேலுவுக்கும் தெரியாது. அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்தால் நாளை திருப்பாலைவனம் தாண்டியதும் வண்டி தலையை ஆட்டும், ராஜவேலு திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்து போடுவான், வண்டி பூபதிக்கு, வகுப்பும் பூபதிக்கு. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். போன வாரம் அண்ணன் விழவில்லை. ராஜவேலு மட்டும் ஏன் விழப் போகிறான்? இந்தக் கேள்வியை அவன் தனக்குள் நல்லவிதமாகத்தான் கேட்டான். ஆனால் ராஜவேலு அண்ணனைப் போல நிதானமாக ஓட்டுகிறவன் அல்ல. பின்னால் பெட்டி நிறைய ஐஸ் இருக்கும். எதிரே மணல் லாரிகள் வரும்.

சாயங்காலம் அண்ணன் சாப்பிட்டுவிட்டு ராஜவேலுவைத் தேடிக் கரைக்குப் போன பிறகு, செல்வம்மாள் வெளியே வந்தாள். ஆட்டைத் தாண்டி நேராக அவனிடம் வந்தாள்.

"எனக்காவ நீ ஒண்ணும் பொய் சொல்ல வாணாம்."

பூபதி எழுந்து நின்றான். நேராகப் பேசுகிறாள் என்பதே அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"நான் வாயத் தொறக்கல. அது என் இஷ்டம். தொறந்திருந்தா வலைய வுட்டிருப்ப. அதுக்காவ நீ நல்லவன் ஆயிட மாட்ட." தாங்கியைக் கை காட்டினாள். "அது இன்னா உங்க நைனா கட்டிலா?"

"நைனா படுத்திருந்தது..."

"படுத்திருந்தாரு. சுண்ணாம்புக்குளத்துலர்ந்து எங்க நைனா படகுல ஏத்தி அனுப்புன கட்டிலு அது. என் கல்யாணத்துக்கு. மாமாவுக்கு முடியலன்னு நான்தான் எறக்கிக் குட்த்தன். நான் தரையில படுத்தன். அவர் போனப்பறம் உங்க எல்லாருக்கும் அது நைனா கட்டிலு ஆயிட்ச்சி."

"எனுக்குத் தெரியாது அண்ணி."

"கேட்டியா?"

பூபதி தாங்கியின் கால்களைப் பார்த்தான். வலைக்குக் கேட்டான். கட்டிலுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

"வலையக் கேக்கத் தெரியுது," என்றாள். வேலியோரம் சாய்ந்திருந்த கட்டிலின் தலைமாட்டை ஒரு பார்வை பார்த்தாள். சட்டங்கள் போய், கால்களும் கம்பிகளும், அவற்றை முடுக்கியிருந்த குமிழ்த் தலை போல்ட்டுகளும் மட்டும் மிச்சமிருந்தன. பிறகு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, "வாடி, இங்க நமக்கு இன்னா கீது," என்று கொட்டகைக்குள் போனாள்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பூபதி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கடியில் ஒரு கோட்டைச் செங்கல்லைச் சொருகி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பினான். செங்கல்லில் மீன் செதில் காய்ந்து பளபளத்தது. காற்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது சுற்றி, தயங்கி, திரும்பி, ஆடி, கனத்த பக்கத்தை அடிக்குக் கொண்டுவந்து நின்றது. மறுபடி சுற்றினான், மறுபடி அங்கேயே வந்தது. உச்சியில் டயர்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். ஈயம் இருந்த ஸ்போக்குகளில் அண்ணனின் கத்தி பட்ட கீறல்கள் புதிதாக மின்னின. கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் சந்தேகப்பட்டு, இன்னொரு தரம் சுற்றிவிட்டு, உட்கார்ந்து எழுதினான்.

பிப்ரவரி 7, வியாழக்கிழமை.

இன்று தெரிந்த தவறு: கட்டில் யாருடையது என்று கேட்கவில்லை.

நாளை: ராஜவேலு வருவதற்கு முன் அண்ணியைக் கேட்டு, கட்டில் தலைமாட்டு போல்ட்டுகளில் எடை சரியாக வருவதை எடுத்து முன்சக்கரத்தில் கட்டுவது. கோடு போட்ட இடத்தில், மேலே. தரமாட்டேன் என்றால் வேறு எடை தேடுவது. அதன் பிறகு அண்ணனிடம் நான்கு ஈயத்தையும் வாங்கி வலையில் கட்டுவது. கீழ்க்கயிற்றில், கீழே.